சோலைமலை அண்ணனின் கோர்ட்டுப் பல்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு என் கைபேசி ஒலித்தது. அந்த வேளையில் ஒரு வழக்கறிஞருக்கு வரும் அழைப்பு பெரும்பாலும் கைது பற்றியதாக இருக்கும், அல்லது மரணம் பற்றியதாக. நான் உரிமையியல் வழக்குகளை மட்டும் நடத்துபவன். திரையில் சோலைமலை அண்ணனின் மகள் மீனாவின் பெயரைக் கண்டபோதே செய்தி இன்னதென்று தெரிந்துவிட்டது.

“சார், அப்பா போயிட்டாரு,” என்றாள். பிறகு அவள் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. “பல்லு செட்டக் காணோம் சார். ஆஸ்பத்திரியில மாஸ்க் மாட்டயில கழட்டி என் கையில குடுத்தாங்க. நாந்தேன் டிஷ்யூ பேப்பர்ல சுத்திக் கட்டில் மேல வச்சேன். யாரோ குப்பைன்னு எடுத்துட்டாங்க போல. முந்தாநேத்து வீட்டுக்கு வந்தப்பறந்தேன் பாக்குறேன். இப்ப என்ன சார் செய்வேன்? எல்லாரும் வந்துருவாக.”

“அழாதம்மா. கோர்ட்டுல ஒரு செட்டு இருக்கு. எடுத்துட்டு வாரேன்,” என்றேன்.

சோலைமலை அண்ணனை அறிந்தவர்களுக்கு இந்த உரையாடல் விளக்கமின்றிப் புரியும். நம் நீதிமன்ற வளாகத்திற்கு அவர் ஓய்வு பெற்ற பின் வந்த இளம் வழக்கறிஞர்களும் நம் சங்கத்தின் இம்மலரைப் படிப்பார்கள் என்பதால் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் சார்பு நீதிமன்றத்தில் டவாலியாக இருந்தவர். வழக்கு எடுக்கப்படும்போது வராந்தாவில் வந்து நின்று, கட்சிக்காரர்களின் பெயரை உரக்கக் கூப்பிடுவது அவர் வேலை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதைச் செய்தார். அவர் தம் பல் குறித்து என்னிடமும் தம் குடும்பத்தாரிடமும் ஒரு விருப்பத்தைத் தெரிவித்திருந்தார். அதைப் பின்னர் சொல்கிறேன். அதை நிறைவேற்றுவதற்கு அன்று காலை எங்களுக்கு இரண்டு அல்லது மூன்று மணி நேரமே இருந்தது. அதன் பிறகு தாடை இறுகிவிடும்.

முதலில் அவருடைய குரல். வெறும் பலத்தினால் மட்டும் அது சிறந்ததன்று. சட்டப்படி ஒருவரை மூன்று முறை அழைத்தால் போதும். நின்ற இடத்திலிருந்தே மூன்று முறை அழைத்துவிட்டு உள்ளே திரும்புவோரை நான் எத்தனையோ நீதிமன்றங்களில் கண்டிருக்கிறேன். சோலைமலை அண்ணன் அப்படிச் செய்ததில்லை. முதல் அழைப்பு வேப்பமரத்தை நோக்கி. பிறகு வராந்தாவின் மறுகோடிக்கு நடந்து, டீக்கடைப் பக்கம் இரண்டாவது. படியிறங்கி நின்று, பஸ் நிறுத்தம் இருக்கும் வாசலை நோக்கி மூன்றாவது. அவசரக்கார நீதிபதி ஒருவர் ஒருமுறை, “எதற்கு இந்த ஊர்வலம்?” என்று கேட்டதாகச் சொல்வார்கள். அண்ணன் அளித்த பதிலை நான் நேரில் கேட்கவில்லை. ஆனால் அதே கேள்வியை நான் கேட்டபோது எனக்குச் சொன்ன பதில் நினைவிருக்கிறது. “வராதவன வரலன்னு எழுதப் போறோம் சார். அப்படி எழுதணும்னா கூப்புட்டது அவன் காதுல விழுந்திருக்கணும்ல?”

முன்னறிவிப்பு பற்றி நான் படித்த தீர்ப்புகள் பல. அவற்றின் சாரம் இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கும் என்று எண்ணுகிறேன்.

ஓய்வுக்கு மூன்று ஆண்டுகள் இருக்கும்போது அவருடைய பற்கள் ஆடத் தொடங்கின. ஈறு நோய். வெற்றிலையும் அதில் ஒரு பங்கு வகித்திருக்கலாம். அவருடைய மனைவி முத்தம்மாள் சோழவந்தான்காரர்; பிறந்த வீட்டிலிருந்து வாரந்தோறும் கவுளி கவுளியாக வெற்றிலை வரும். “மாமியா வீட்டுச் சீரு, வேணாம்னு சொல்ல முடியுமா?” என்பார் அண்ணன். முன்பற்கள் இரண்டு முதலில் போயின. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் போய், எஞ்சியவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் எடுத்த பிறகு ஈறு ஆறும் வரை இரண்டு மூன்று மாதங்கள் காத்திருந்துதான் செட் கட்ட முடியும்.

அந்த மாதங்களில் அவர் மாறிப்போனார். வழக்குப் பட்டியலை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு பேசினார். டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். பக்கத்து நீதிமன்ற ஊழியர் ஒருவர் வராந்தாவில் எல்லோர் முன்னிலையிலும், “என்னண்ணே, காத்து மட்டுந்தேன் வருது, பேரக் காணோம்?” என்று கேலி செய்ததை நானும் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் புன்னகைத்திருக்கக்கூடும், இல்லை என்று உறுதியாகச் சொல்ல இயலாது. மறுநாள் நடந்ததற்கு அந்தச் சிரிப்பும் ஒரு காரணம்.

மறுநாள் என் கட்சிக்காரர் சின்னத்தாயின் பாகப் பிரிவினை வழக்கு பட்டியலில் இருந்தது. எழுமலையிலிருந்து காலை ஆறு மணிப் பேருந்தைப் பிடித்து வந்திருந்தார். எனக்கு மேல்மாடி நீதிமன்றத்தில் ஒரு குறுக்கு விசாரணை. “பேரக் கூப்புட்டா உள்ள போய் நில்லுங்க, வந்துருவேன்,” என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனேன். மாற்று ஏற்பாடு எதுவும் செய்யாமல் போனது என் தவறு. அதை இங்கே பதிவு செய்கிறேன். சின்னத்தாய் டீக்கடை ஓரம் நிழலில் உட்கார்ந்திருந்தார். பகல் ஒரு மணிக்கு நான் இறங்கி வந்தபோது, “இன்னும் நம்ம பேரக் கூப்புடலையே சார்,” என்றார். பதினொன்றரை மணிக்கே வழக்கு, வாதி ஆஜராகவில்லை என்று தள்ளுபடி செய்யப்பட்டிருந்தது.

அத்தகைய வழக்கை மீண்டும் கோப்பில் எடுக்க ஒரு மனு போட வேண்டும். ஏன் வரவில்லை என்பதற்குப் போதிய காரணத்தைச் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் இதற்கென்றே ஒரு காய்ச்சல் இருக்கிறது. அது வாய்தா நாளில் காலை தொடங்கி மாலையில் இறங்கிவிடும். எந்த மருத்துவருக்கும் அது தெரியாது, எல்லா நீதிபதிகளுக்கும் தெரியும். அன்று மாலை வெற்றுத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோது சோலைமலை அண்ணன் நீதிமன்ற வளாகத்திலிருந்த என் அறைக்கு வந்தார். வாயைத் துண்டால் மூடியிருந்தார்.

“என்ன சார் எழுதப் போறீங்க?”

“இன்னும் எழுதலண்ணே.”

“காய்ச்சல்னு எழுதிராதீங்க. அந்தம்மா வந்திருந்துச்சு. காலையில நானே பாத்தேன். நாந்தேன் ஒரே ஒரு தடவ கூப்புட்டேன், அதுவும் வாயப் பொத்திக்கிட்டு. டீக்கடைப் பக்கம் போகவே இல்ல. அங்கன நேத்துச் சிரிச்ச பயலுக நின்னானுக. வெக்கம் சார்.”

“உள்ளத எழுதுனா உங்களுக்கு மெமோ வரும்ணே. ரிட்டயர்மென்ட் நேரம்.”

“வரட்டும். எனக்கு வாரது ஒரு காயிதம். அந்தம்மாவுக்குப் போறது நெலம்ல?”

உள்ளபடியே எழுதினேன். அவர் பெயரைக் குறிப்பிடாமல், ‘அழைப்பு மனுதாரர் இருந்த இடத்திற்குக் கேட்கவில்லை’ என்று மட்டும் எழுதினேன். அந்த அளவு எச்சரிக்கை சரிதான் என்று அப்போது நினைத்தேன்.

மனு விசாரணைக்கு வந்தது. நீதிபதி ஓர் அம்மையார், கண்டிப்பானவர், நியாயமானவர். “கேட்கவில்லை என்று எல்லோருந்தான் சொல்வார்கள், வக்கீல் சார்,” என்றார். “மூன்று முறை அழைக்கப்பட்டது என்று குறிப்பில் இருக்கிறதே. குறிப்பு பொய்யா?” குறிப்பு பொய் என்றால் ஓர் ஊழியரின் வேலைக்கு ஆபத்து. உண்மை என்றால் என் கட்சிக்காரரின் நிலம் போயிற்று. ஏதோ ஒரு முன்தீர்ப்பைத் தேடிக் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அப்போது கதவருகிலிருந்து சோலைமலை அண்ணன் முன்னால் வந்தார். வெள்ளைச் சீருடை, தோளில் குறுக்கே சிவப்புப் பட்டை. முகத்துக்கு நேரே பிடித்திருந்த வழக்குப் பட்டியலைக் கீழே இறக்கினார்.

“அம்மா, நான் ஒரு தடவதேன் கூப்புட்டேன். தப்பு அந்தம்மா மேல இல்ல. எனக்குப் பல்லு இல்லம்மா. வெக்கப்பட்டுக்கிட்டு வாயப் பொத்திக் கூப்புட்டேன்.”

சொல்லிவிட்டு, சாட்சி ஆவணத்தைக் காட்டுவது போல, வாயைத் திறந்து காட்டினார்.

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். குரல் தாழ்ந்திருந்தது. “எப்போது பல் கட்டப் போகிறீர்கள்?”

“புண்ணு ஆறணும்னு டாக்டரம்மா சொல்லிருக்காகம்மா. இன்னும் ஒரு மாசம் ஆகும்.”

“அதுவரை?”

“மூணு பக்கமும் போய்க் கூப்புடுறேம்மா. வாயப் பொத்தாம.”

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, மனுவை அனுமதிப்பதில் ஆட்சேபம் இல்லை என்றார். வழக்கு மீண்டும் கோப்பில் ஏறியது. பின்னர் சின்னத்தாய்க்குத் தம் பங்கு கிடைத்தது. அண்ணனுக்கு மெமோ வந்ததா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு மாதம் முழுவதும், பொக்கை வாயோடு வேப்பமரத்தைப் பார்த்தும் டீக்கடையைப் பார்த்தும் வாசலைப் பார்த்தும் கூப்பிட்டார். எழுத்துகள் சில உருவம் மாறித்தான் வந்தன. அதனால் ஒவ்வொரு பெயரோடும் ஊரையும் தந்தை பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார். ஒருவர் பெயரும் தப்பவில்லை. கேலி செய்த அந்த ஊழியர் மூன்றாம் நாள் தாமே டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார்.

ஈறு ஆறியதும் என்னையும் கூட அழைத்துக்கொண்டு காஜிமார் தெருப் பக்கம் உள்ள டாக்டர் நஸ்ரினின் மருத்துவமனைக்குப் போனார். “டாக்டரம்மா ஏதோ காயிதத்துல கையெழுத்துக் கேக்குது சார். நீங்க படிச்சுச் சொன்னாத்தேன் போடுவேன்.” ஒப்புதல் படிவம் ஒரு பக்கந்தான். நான் ஒவ்வொரு வரியையும் வாசித்து, விளக்கி, ஓர் இடத்தில் சொல்லமைப்பு தெளிவாக இல்லை என்றும் சுட்டிக்காட்டினேன். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். “வக்கீல் சார், இது பல்லு. பாகப் பிரிவினை இல்ல,” என்றார். அண்ணன் வாயைப் பொத்தாமல் சிரித்ததை அன்றுதான் மறுபடி பார்த்தேன்.

நான்கு முறை போக வேண்டியிருந்தது. களிம்பு போன்ற ஒன்றை ஒரு தட்டில் வைத்து வாய்க்குள் அழுத்தி அளவு எடுத்தார்கள். அடுத்த முறை மெழுகைக் கடிக்கச் சொல்லி, மேலும் கீழும் சேரும் இடத்தைக் குறித்தார்கள். பல்லின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க வரிசையாக மாதிரிகளைக் காட்டியபோது டாக்டர் வெள்ளையானதை எடுத்தார். அண்ணன் மறுத்து, சற்று மஞ்சளானதைத் தொட்டார். “இது போதும்மா. ரொம்ப வெள்ளையா இருந்தா யாருதையோ இரவல் வாங்கி மாட்டுன மாதிரி இருக்கும்.”

மூன்றாம் முறை, மெழுகில் பதித்த பற்களை வாயில் வைத்து, பேச்சு சரியாக வருகிறதா என்று பார்க்க, “ஏதாச்சும் பேசுங்க ஐயா,” என்றார் டாக்டர். அண்ணன் நாற்காலியிலிருந்து இறங்கினார். சட்டையைச் சரிசெய்துகொண்டார். சன்னலைப் பார்த்து ஒரு முறை, சுவரைப் பார்த்து ஒரு முறை, வெளியே நோயாளிகள் காத்திருக்கும் அறையைப் பார்த்து ஒரு முறை: “எழுமலை... சின்னத்தாயீ!” வெளியே நாற்காலிகள் உராயும் சத்தம் கேட்டது. யாரோ எழுந்து வந்து கதவைத் திறந்து, “ஏதும் ஆபத்தா?” என்று கேட்டார். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஐயா, என் பேஷன்ட்டெல்லாம் ஓடிப்போயிருவாங்க. பல்லு நல்லா இருக்கு. உக்காருங்க.”

செட் வந்த முதல் வாரம் அவருக்கு ஓங்கரிப்பு வந்தது, எச்சில் ஊறியது, இட்லியைக் கூடப் பிட்டுப் பிட்டு விழுங்கினார். பழகுவதற்காகக் காலையில் மொட்டை மாடியில் ஏறி நின்று கூப்பிட்டுப் பார்ப்பாராம். முத்தம்மாள் என்னிடம் முறையிட்டார். “நீங்களாச்சும் சொல்லுங்க சார். தெருவுல ஒருத்தரும் தூங்கல. எதுத்த வீட்டுக்காரரு எந்திரிச்சு வந்து, ‘என்னையவா கூப்புட்டீக’ங்குறாரு.” பத்து நாளில் பழைய குரல் திரும்பிவிட்டது.

டாக்டர் சொன்ன விதிகளை அவர் சட்டப் பிரிவுகளைப் போல ஒப்பிப்பார். இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். ஈறுக்கும் ஓய்வு வேண்டும். சுடுதண்ணீர் ஆகாது, வளைந்துவிடும். உலரவும் விடக்கூடாது, அப்போதும் வளையும். பற்பசை கீறிவிடும், சாதாரணச் சோப்பும் மென்மையான பிரஷும் போதும். இரவில் கழற்றும் விதியைப் பற்றி மட்டும் தம் சொந்த உரை ஒன்று வைத்திருந்தார். “பல்லு கோர்ட்டுக்கு. பொக்க வாயி முத்தம்மாளுக்கு மட்டுந்தேன்.”

ஒரு விதியை மட்டும் அவர் மீறினார். கழுவும்போது கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ள வேண்டும், கை நழுவினாலும் உடையாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெற்றிலை போட்டுவிட்டு நீதிமன்றக் குழாயடியில் அவசரமாகக் கழுவியபோது, கீழ் வரிசை சிமென்ட் தொட்டியில் விழுந்து நடுவே இரண்டாகப் பிளந்தது. கடையில் பசை வாங்கி ஒட்டி, மூன்று நாள் ஈறு புண்ணாகியும் சொல்லாமல் கூப்பிட்டார். நான்காம் நாள் நான் வற்புறுத்தி அழைத்துச் சென்றேன். டாக்டர் நஸ்ரின் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதென்ன ஐயா, செருப்பா? அறுந்தா ஒட்டிப் போட்டுக்கிறதுக்கு?”

அதை முறைப்படி பழுது பார்த்துக் கொடுத்தார். புதிதாக இன்னொரு செட்டும் செய்தார். பழையது உபரியாயிற்று. அதை அண்ணன் மூடி போட்ட ஒரு சம்படத்தில் தண்ணீர் ஊற்றிப் போட்டு, என் அறை அலமாரியில் கொண்டுவந்து வைத்தார். “புதுசு என்னமும் ஆச்சுன்னா பேரு கூப்புடுறது நிக்கக் கூடாதுல்ல சார். இது கோர்ட்டுப் பல்லு. இங்கயே இருக்கட்டும்.” அன்று முதல் திங்கட்கிழமைதோறும் காலையில் வந்து தண்ணீர் மாற்றினார்.

ஓய்வு பெற்ற நாளில் அதை எடுத்துச் செல்வார் என்று எதிர்பார்த்தேன். எடுக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை கடச்சனேந்தல் வீட்டிலிருந்து பஸ் ஏறி வந்து நின்றார். “கோர்ட்டுப் பல்லப் பாக்க வந்தேன் சார்.” தண்ணீரை மாற்றுவார்; வேப்பமரத்தடியில் சிறிது நேரம் நிற்பார்; டீ குடிப்பார்; பேர் கூப்பிடுவதைக் கேட்டு, “வாசப்பக்கம் கூப்புடலையே,” என்று முணுமுணுப்பார்; போவார். ஒன்பது ஆண்டுகள், திங்கள் தவறாமல். நோய்வாய்ப்பட்ட பிறகு மீனாவின் கைபேசியிலிருந்து பேசுவார். “தண்ணி மாத்துனீங்களா சார்?” “மாத்திட்டேண்ணே.” மேற்கொண்டு பேச எங்களுக்கு வேறு பொருள் தேவைப்படவில்லை.

இனி அந்த விருப்பத்தைச் சொல்கிறேன். ஒரு திங்கட்கிழமை, அழகர்கோவில் பக்கம் உறவினர் ஒருவரின் சாவுக்குப் போய்விட்டு வந்திருந்தார். இறந்தவரும் பல் செட் வைத்திருந்தவர். கழற்றியது கழற்றியபடி விட்டுவிட்டார்கள். “வாய்க்கரிசி போடயில பாத்தேன் சார். ஊரே வரிசையா நின்னு அந்த வாயத்தேன பாக்குது. கன்னம் ஒட்டிப்போயி, ஆளே வேறயா இருந்தாரு. என்னைய அப்புடி விட்ராதீங்க. ஒரு தேவைக்குக் காட்ட வேண்டியிருந்துச்சு, காட்டுனேன். தேவ இல்லாம யாரும் பாக்க வேண்டாம். நான் பல்லோடதேன் போகணும்.”

வாய்மொழி உயில் சாதாரணமாகச் சட்டப்படி செல்லாது. ஆயினும் அவரிடம், “சரிண்ணே,” என்றேன்.

அந்த ஞாயிறன்று நீதிமன்ற வாயில் பூட்டியிருந்தது. காவலர், “லீவு நாள்ல உள்ள விடக் கூடாது சார், உங்களுக்கே தெரியும்,” என்றார். எனக்குத் தெரியும். விதியைத் தளர்த்தும்படி நான் அதுவரை யாரையும் கேட்டதில்லை. பதிவேட்டை வாங்கி, வருகையின் நோக்கம் என்ற கட்டத்தில், ‘காலமான சோலைமலை அவர்களின் பல்லை எடுக்க’ என்று எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார்.

“சோலமல அண்ணனா? எப்ப சார்?”

“இன்னைக்குக் காலையில.”

“எங்கப்பா கேசுக்கு அவருதேன் சார் பேரு கூப்புட்டாரு. எங்கப்பாவுக்குக் காது கேக்காதுன்னு பக்கத்துல வந்து தோளத் தொட்டுக் கூட்டிட்டுப் போனாரு.” சாவியை எடுத்தார். “போங்க சார். போய் எடுங்க.”

சம்படத்தோடு வெளியே வந்து டாக்டர் நஸ்ரினை அழைத்தேன். தொழுகை முடித்து உட்கார்ந்திருந்தார். செய்தி கேட்டு, “இன்னா லில்லாஹி” என்று மரணச் செய்திக்குரிய வாசகத்தைச் சொன்னார். பிறகு மருத்துவராகப் பேசினார். “மேல் செட்ட நல்லா நனைச்சு வைங்க, தானா உக்காரும். கீழது உக்காராது வக்கீல் சார். இத்தன வருசத்துல ஈறு தேஞ்சிருக்கும். வம்பு பண்ணாதீங்க. மேல ஒண்ணு இருந்தாலே மொகம் நிக்கும்.”

கடச்சனேந்தல் வீட்டில் அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். உறவினர்கள் சிலர் வாசலில் நின்றார்கள். மீனா கதவைச் சாத்தி வைத்திருந்தாள். முகத்தின் மேல் ஒரு துண்டு போடப்பட்டிருந்தது. நான் சம்படத்தைத் திறந்து நின்றேன். முத்தம்மாள்தான் அதை வாங்கினார். கடைசி ஆறு மாதமும் காலையில் மாட்டி, இரவில் கழற்றிக் கழுவியவர் அவர். அழுதுகொண்டே, ஆனால் பழகிய கையால், மேல் வரிசையை நனைத்து உள்ளே வைத்தார். அது உட்கார்ந்தது. கீழ் வரிசையை வைத்துப் பார்த்தார். டாக்டர் சொன்னபடியே சேரவில்லை. அதை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, மோவாயை மேலே தள்ளித் தலையோடு சேர்த்துத் துணியால் கட்டினார். உதடு நிமிர்ந்தது. கன்னம் நிறைந்தது.

முத்தம்மாள் சற்று விலகி நின்று பார்த்தார். “நல்லாத்தேன் இருக்கு,” என்றார். “ஆபீசுக்குக் கெளம்புன மாதிரி இருக்காரு.” பிறகு கதவைத் திறக்கச் சொன்னார்.

ஊர் வரிசையில் நின்று வாய்க்கரிசி போட்டது. எழுமலையிலிருந்து சின்னத்தாயும் வந்திருந்தார். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. மயானத் தொழிலாளி ஒருவர், உடலில் நகை நட்டு ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். மீனா என்னைப் பார்த்தாள். மறைப்பது சரியன்று என்பதால், “பல் செட்டு மேல் வரிசை இருக்கு,” என்றேன். “அது அவரு பல்லு. இருக்கட்டும் சார்,” என்றார் அந்தத் தொழிலாளி.

பதினாறாம் நாள் கீழ் வரிசையைச் சம்படத்தோடு எடுத்துச் சென்று, உரிமைப்படி வாரிசுகளுக்குச் சேர வேண்டியது என்று மீனாவிடம் நீட்டினேன். அவள் மூடியைத் திறந்து, நடுவில் மெல்லிய கோடாகத் தெரியும் ஒட்டைத் தொட்டுப் பார்த்தாள். “இது கோர்ட்டுப் பல்லு சார்,” என்று திருப்பித் தந்தாள். “அங்கயே இருக்கட்டும்.”

ஆகவே அது என்னிடம் இருக்கிறது. சென்ற திங்கட்கிழமை நான் நீதிமன்றத்தில் என் முறைக்குக் காத்திருந்தபோது, எனக்குச் சம்பந்தமில்லாத ஒரு வழக்கில் ஒரு பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். ஒலிபெருக்கி கரகரத்தது. யாரும் வரவில்லை. நான் எழுந்து வராந்தாவுக்குப் போனேன். வேப்பமரத்தை நோக்கி ஒரு முறை கூப்பிட்டேன். டீக்கடைப் பக்கம் ஒரு முறை. என் குரல் சிறியது. வாசல் வரை போகாது என்பதால் படியிறங்கி நடந்து சென்று கூப்பிட்டேன். பஸ் நிறுத்தத்தருகே மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், “நாந்தேன் சார், நாந்தேன்,” என்று எழுந்து வந்தார்.

அவரை உள்ளே அனுப்பிவிட்டு அறைக்குத் திரும்பி, தண்ணீரை மாற்றினேன்.